பதுங்கியிருக்கும் பூதமும் நடுவர் நீதியும்

மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்ந்து, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டு ஒன்று அமெரிக்காவில் அரை நூற்றாண்டாக ஆடப்பட்டு வருகிறது. 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது அதன் பெயர். விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் வாழ்ந்த கேரி கைகாக்ஸும், மினசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஆர்ன்சனும் 1974-ஆம் ஆண்டு மூன்று சிறு நூல்களாக இதன் விதிகளை வெளியிட்டனர். சதுரங்கத்தில் இருப்பதுபோல் இதில் ஒருவர் வென்று மற்றவர் தோற்பது இல்லை. நடுவர் ஒருவர் கற்பனை உலகை விவரிப்பார். மற்றவர்கள் அந்த உலகில் தத்தம் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்ற ஐயம் எழும் இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும்.

இதில் எனக்கு ஈடுபாடு ஏற்பட்டது பணி ஓய்வுக்குப் பிறகுதான். என் மகள் குடும்பம் மினியாபொலிஸ் நகரில் வசிக்கிறது. ஆண்டில் சில மாதங்கள் அங்கே தங்கும்போது, பேரனின் நண்பர் குழுவுக்கு நடுவராக இருக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பொறுமையும் பொழுதும் ஒருங்கே வாய்த்தவர் வேறு யாரும் அந்த வீட்டில் இல்லை என்பதே என் தகுதி. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொருளியல் கற்பித்தவனுக்கு அந்த மேசையில் எதிர்பாராத ஒரு கேள்வி காத்திருந்தது. பூதங்கள் மறைந்திருந்து தாக்கும்போது, அந்தத் தாக்குதல் எப்போது நியாயமானது, எப்போது அநியாயமானது?

சிறுபிள்ளைத்தனமான கேள்வி என்று தோன்றலாம். ஆனால், ஒரு பிள்ளை இரண்டு ஆண்டுகளாக வாரந்தோறும் வளர்த்து வந்த பாத்திரம், புதருக்குள்ளிருந்து வந்த ஓர் அம்பால் அரை நிமிடத்தில் மாண்டுபோகும். அப்போது அந்தப் பிள்ளை நிமிர்ந்து நடுவரின் முகத்தைப் பார்க்கும். 'இது நடந்தது, நீங்கள் நடத்தவில்லை' என்று அதனால் நம்ப முடிந்தால் அடுத்த வாரமும் மேசைக்கு வரும். முடியாவிட்டால் வராது.

நடுவர் என்ற பதவியின் வரலாற்றைச் சற்றுப் பார்க்க வேண்டும். 1824-இல் பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ், தம் தந்தை தொடங்கிவைத்த போர் விளையாட்டை மேம்படுத்தி ராணுவப் பயிற்சிக்கு ஏற்றதாக்கினார். அதில் இரு தரப்பினரும் நடுவரிடம் எழுத்து மூலம் ஆணைகளைக் கொடுப்பார்கள். எந்தத் தரப்பின் கண்ணுக்கு எது தெரியுமோ அதை மட்டுமே நடுவர் அத்தரப்புக்குத் தெரிவிப்பார். குன்றுக்குப் பின்னால் பதுங்கியிருக்கும் குதிரைப்படை, கண்ணில் படும்வரை வரைபடத்தில் தோன்றாது. ஆக, நடுவர் என்பவர் தொடக்கத்தில் தகவலின் காப்பாளர். அவருக்கு எந்தத் தரப்பும் இல்லை.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடுவரின் நிலை வேறு. உலகைப் படைப்பவரும் அவரே. பகைவரை இயக்குபவரும் அவரே. தீர்ப்பு வழங்குபவரும் அவரே. சட்டமன்றம், நீதிமன்றம், எதிரிப்படை ஆகிய மூன்றும் ஒருவர் கையில் இருக்கும் அரசமைப்பை எந்த நாட்டிலும் நாம் ஏற்க மாட்டோம். அந்த மேசையில் மட்டும் மனமுவந்து ஏற்கிறோம். மறைந்திருக்கும் எதிரியைப் பற்றிய முழுத் தகவலும் நடுவரிடம் இருக்கிறது. ஆட்டக்காரர்களிடம் எதுவும் இல்லை. வேறு எந்தத் தருணத்தையும்விடப் பதுங்கித் தாக்கும் தருணத்தில்தான் இந்த இடைவெளி மிக அகலமாகிறது.

வாலியை மறைந்து நின்று வீழ்த்தியது தகுமா என்று நம் பட்டிமன்றங்களில் இன்றும் வழக்காடுகிறோம். அங்கே குற்றச்சாட்டு மறைந்து நின்றவன் மீது. இந்த மேசையிலோ புதருக்குள் இருக்கும் பூதத்தின் மீது யாருக்கும் வழக்கில்லை. பதுங்குவது அதன் இயல்பு. நடுவர் தம் முடிவுகளை எங்கே மறைத்து வைத்திருந்தார் என்பதில்தான் வழக்கு.

இந்த விளையாட்டின் விதிகள் திடீர்த் தாக்குதலைப் பலவாறு கையாண்டுள்ளன. 1974-ஆம் ஆண்டு விதிகளில் கணக்கு எளிமையானது. ஆறு முகப் பகடையில் ஒன்றோ இரண்டோ விழுந்தால் அத்தரப்பு அதிர்ச்சிக்குள்ளானதாகப் பொருள். அதாவது மூன்றில் ஒரு வாய்ப்பு. இந்த விதி பூதங்களுக்கும் பொருந்தும் என்பது கவனிக்கத்தக்கது. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு, மறைவோரின் திறமையையும் காண்போரின் விழிப்பையும் ஒப்பிடச் சொன்னது. விழிப்பில் தோற்றவர் முதல் சுற்றில் நகரவும் முடியாது, எதையும் செய்யவும் முடியாது. 2024-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இந்தத் தண்டனை குறைக்கப்பட்டது. அதிர்ச்சியடைந்தவர், யார் முதலில் செயல்படுவது என்பதற்கான பகடையை இருமுறை உருட்டிக் குறைந்த எண்ணை ஏற்க வேண்டும், அவ்வளவுதான். இருபது முகப் பகடையின் சராசரியான 10.5 இதனால் ஏறக்குறைய 7.2-ஆகக் குறைகிறது. பின்தங்கலாம், ஆனால் கட்டிப்போடப்படுவதில்லை.

ஏன் குறைத்தார்கள் என்பது, 2014-இல் வெளிவந்த தொடக்கநிலைப் பெட்டியில் இருந்த சாகசக் கதையின் முதல் காட்சியைக் கணக்கிட்டால் ஓரளவு விளங்கும். உலகெங்கும் புதிதாக ஆட வந்த பலரின் முதல் போர் அதுதான். காட்டுப் பாதையின் குறுக்கே இரண்டு குதிரைகள் செத்துக் கிடக்கின்றன. உடலில் கருப்பு இறகு பூட்டிய அம்புகள். இரு மருங்கிலும் புதர்களில் நான்கு கோப்ளின்கள், அதாவது குள்ளப் பூதங்கள், பதுங்கியிருக்கின்றன. கோப்ளினின் மறைவுத் திறன் பகடை எண்ணோடு ஆறு கூட்டப்படும். விழிப்பு எண் 13 உள்ள ஒரு பாத்திரத்தை ஏமாற்ற அதற்கு ஏழு அல்லது அதற்கு மேல் விழுந்தால் போதும். வாய்ப்பு 70 விழுக்காடு. பழைய விதிப்படி, அதிர்ச்சியடைந்த குழு ஒரு சுற்றை இழக்கிறது. அடுத்த சுற்றிலும் கோப்ளின்களே முந்திக்கொண்டால், குழுவில் ஒருவரும் விரலை அசைக்கும் முன்பே எட்டு அம்புகள் பாய்ந்திருக்கும். அவற்றில் பாதி தைத்தாலும், ஓர் அம்புக்குச் சராசரி 5.5 என்ற கணக்கில் 22 புள்ளிச் சேதம். முதல் நிலையில் உள்ள நால்வரின் உயிர்ப்புள்ளிகளைக் கூட்டினால் நாற்பதை ஒட்டித்தான் வரும்; மந்திரவாதிக்கு ஏழெட்டு இருந்தாலே அதிகம். அதே நான்கு கோப்ளின்களை வெட்டவெளியில் எதிர்கொண்டால் இப்படி நேராது. எதிரியின் வலிமை மாறவில்லை. யாருக்கு எது முன்னதாகத் தெரியும் என்பது மாறியது. ஆகவே, இரு தரப்பின் வலிமையைச் சமன் செய்துவிட்டால் நியாயம் கிடைத்துவிடும் என்று எண்ணும் நடுவர்கள் தவறான தராசைக் கையில் வைத்திருக்கிறார்கள் என்பது என் கருத்து.

ஆனாலும் அந்தக் காட்சியை அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். காரணம், அந்தக் குதிரைகள். செத்த குதிரையும் அதன் மீது அம்பும் நடுவழியில் கிடந்தால், இங்கே யாரோ யாரையோ கொன்றிருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடுகிறது. வண்டியை நிறுத்தலாம், ஒருவரை மட்டும் சுற்றி அனுப்பலாம், கேடயத்தை உயர்த்தலாம், திரும்பியும் போகலாம். புதிதாக ஆடுவோரில் பெரும்பாலோர் நேரே போய்க் குதிரையைத் தடவிப் பார்க்கிறார்கள் என்பது வேறு செய்தி. அடையாளம் கொடுக்கப்பட்டது, தேர்வும் கொடுக்கப்பட்டது. மேலும், கோப்ளின்கள் வென்றுவிட்டால் குழுவினரைக் கொல்லாமல், மயங்கிய நிலையில் விட்டுவிட்டுப் பொருள்களைக் கொள்ளையடித்துப் போகின்றன என்று அந்த நூலே சொல்கிறது. வழிப்பறிக்காரனுக்கு வேண்டியது வண்டியில் உள்ள சரக்கு என்ற எளிய உண்மையை எழுதியவர் மறக்கவில்லை.

1970-இல் ஜார்ஜ் அகர்லாஃப் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையைப் பொருளியல் மாணவர் அனைவரும் அறிவர். பழைய கார் விற்பவருக்குக் காரின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஏமாற்றப்படலாம் என்று அஞ்சும் வாங்குபவர், நல்ல காருக்கும் நல்ல விலை தர மறுப்பார். நல்ல கார்கள் சந்தையை விட்டு விலகும். பதுங்கித் தாக்குதலைத் தவறாகப் பயன்படுத்தும் நடுவரின் மேசையில் இதே சரிவை நேரில் காணலாம். அடையாளமே இல்லாமல் ஒருமுறை வீழ்த்தப்பட்ட குழு, அதன் பிறகு எந்தக் கதவையும் சும்மா திறக்காது. ஒவ்வொரு தரைக்கல்லையும் பத்தடிக் கழியால் தட்டிப் பார்க்கும். இந்தப் பத்தடிக் கழி நான் கற்பித்துச் சொல்வதன்று. தொடக்க காலம் முதலே இந்த விளையாட்டின் பொருள் பட்டியலில் விலையோடு இடம்பெற்ற சரக்கு. விருந்துக்கு அழைக்கும் கிழவியைச் சூனியக்காரி என்பார்கள். வழிகாட்ட வரும் சிறுவனைக் கட்டிப் போடுவார்கள். மூன்று மணி நேர ஆட்டத்தில் இரண்டு மணி நேரம் சந்தேகத்துக்கே செலவாகும். பொருளியலில் இதைப் பரிவர்த்தனைச் செலவு என்போம். ஓர் அநியாயத் தாக்குதலின் விலை, செத்துப்போன பாத்திரத்தோடு முடிவதில்லை.

அப்படியானால் அடையாளத்தை எவ்வளவு உரக்கச் சொல்வது? இந்தக் கலையின் கடினமான பகுதி இதுதான். நடுவர் முக்கியமானவற்றை மட்டுமே விவரிப்பவராக இருந்தால், 'மூலையில் ஒரு பீப்பாய் இருக்கிறது' என்று சொன்ன மாத்திரத்தில் நால்வரும் வாளை உருவிவிடுவார்கள். எல்லாவற்றையும் விவரிப்பவராக இருந்தால், உண்மையான அடையாளம் இரைச்சலில் மூழ்கிவிடும். நான் கடைப்பிடிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. ஒவ்வோர் இடத்துக்கும் மூன்று விவரங்கள் சொல்வேன். ஆபத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூன்றுதான், அதே குரலில்தான். ஆபத்து இருக்கும் இடத்தில் அம்மூன்றில் ஒன்று, அங்கே இருக்க வேண்டியது இல்லாமலோ இருக்கக்கூடாதது இருந்தோ காட்டும். சென்ற ஆண்டு ஒரு சதுப்பு நிலக் காட்சியில், 'தண்ணீர் முழங்கால் அளவு. நாணல் தலைக்கு மேல். தவளைச் சத்தம் இல்லை' என்றேன். மற்றவர்கள் தண்ணீரின் ஆழத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தபோது, குழுவில் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி கேட்டாள்: "தாத்தா, தவளைகள் எப்போதிலிருந்து கத்தவில்லை? இப்போதுதான் நின்றதா, நாங்கள் வரும் முன்பே நின்றுவிட்டதா?" எவ்வளவு கூர்மையான கேள்வி! அவர்களைக் கண்டு நின்றிருந்தால் பயமில்லை. முன்பே நின்றிருந்தால் வேறு யாரோ அங்கே இருக்கிறார்கள். நாணலுக்குள் கிடந்த பல்லி மனிதர்கள் ஐவரும் அன்று தாம் விரித்த வலையில் தாமே விழுந்தனர்.

விழிப்பு எண்களை ஆட்டம் தொடங்கும் முன்பே குறித்து வைத்துக்கொள்வது இன்னொரு வழக்கம். 'எல்லாரும் பகடை உருட்டிப் பாருங்கள், ஏதாவது தெரிகிறதா' என்று கேட்டாலே ஏதோ இருக்கிறது என்பது தெரிந்துவிடும். யார் முன்னால் நடப்பது, யார் பின்னால், இரவுக் காவல் யார் என்பதையும் ஒவ்வொரு பயணத்தின் தொடக்கத்திலும் கேட்டு எழுதிக்கொள்வேன். ஆபத்து வந்த பிறகு கேட்டால் எல்லாரும் நடுவில்தான் நடந்துகொண்டிருந்தார்கள்!

எல்லாவற்றையும்விட நான் முதன்மையாகக் கருதுவது, பதுங்கியிருப்போரைப் பற்றிய உண்மைகளை ஆட்டத்துக்கு முன்பே எழுதி வைப்பது. எத்தனை பேர், எங்கே, எவ்வளவு நேரமாக, எதற்காக, எத்தனை பேர் விழுந்தால் ஓடுவார்கள், எந்த வழியாக ஓடுவார்கள் என்று ஒரு தாளில் எழுதி மடித்து மேசை மேல் வைத்துவிடுவேன். ஆட்டத்தின் நடுவே அந்தத் தாள் மாறாது. குழு எளிதில் வெல்வதைக் கண்டு மேலும் இரண்டு பூதங்களைப் புதரிலிருந்து வரவழைப்பதில்லை. குழு தடுமாறுவதைக் கண்டு ஒன்றைக் காணாமல் போகச் செய்வதும் இல்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தோடு பல நடுவர்கள் உடன்பட மாட்டார்கள். நடுவரின் தாள்களையும் பகடையையும் மறைக்க ஒரு அட்டைத் திரை உண்டு. அதன் பின்னால், பிள்ளைகளின் மகிழ்ச்சிக்காகப் பகடை எண்ணைச் சற்று மாற்றிச் சொன்னால் என்ன குற்றம் என்று கேட்பார்கள். இரக்கத்தில் எழும் கேள்வி. எளிதில் தள்ளிவிட முடியாது. 1877-க்கு ஓராண்டு முன், அதாவது 1876-இல், பிரஷ்யத் தளபதி வெர்டி டு வெர்னுவாவும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். விதிநூல்களும் பகடைகளும் போர் விளையாட்டை முடக்குகின்றன, அனுபவமுள்ள நடுவரின் மதிப்பீட்டுக்கே விட்டுவிடலாம் என்பது அவர் வாதம். நடுவர் எந்தத் தரப்பையும் இயக்காத விளையாட்டில் அதற்குப் பொருள் உண்டு.

நம் மேசைக்கு ஃபின் கிட்லண்டும் எட்வர்ட் பிரெஸ்காட்டும் 1977-இல் எழுதிய கட்டுரை பொருத்தமானது. 2004-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு அடிப்படையான ஆய்வுகளில் அதுவும் ஒன்று. அதில் ஓர் எடுத்துக்காட்டு. வெள்ளம் புகும் சமவெளியில் வீடு கட்டாதீர்கள், கட்டினால் அணை கட்டித் தர மாட்டோம் என்று அரசு அறிவிக்கிறது. ஆனால் மக்கள் வீடு கட்டிவிட்டால், அந்த நொடியில் அணை கட்டுவதே இரக்கமுள்ள அரசுக்குச் சிறந்த முடிவாகிவிடும். இதை மக்கள் முன்பே அறிவார்கள்; ஆகவே கட்டுகிறார்கள். ஒவ்வொரு தருணத்திலும் நல்லதையே செய்யும் அரசு, கடைசியில் தன் சொல்லுக்கு மதிப்பில்லாமல் ஆக்கிக்கொள்கிறது. திரைக்குப் பின்னால் இரக்கம் காட்டும் நடுவரும் அப்படியே. பிள்ளைகள் இரண்டு மூன்று வாரங்களில் கண்டுபிடித்துவிடுவார்கள். 'தாத்தா சாக விடமாட்டார்' என்று தெரிந்த பின், தவளைகளைப் பற்றி யார் கேட்பார்கள்? இரக்கத்துக்கு இடம் உண்டு. அதைத் தாள் எழுதும்போதே காட்ட வேண்டும்: பூதங்களுக்கு வேண்டியது உயிரா பொருளா, தப்பிக்க ஒரு வழி இருக்கிறதா, சரணடைந்தால் ஏற்பார்களா என்று முடிவு செய்யும் வேளையில்.

கடுமை என்றால் அநியாயம் என்று பொருளில்லை என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1987 நவம்பரில் 'டிராகன்' இதழில் அதன் ஆசிரியர் ராஜர் மூர், டக்கர் என்ற நடுவரின் கோபோல்டுகளைப் பற்றி எழுதினார். கோபோல்டு இந்த விளையாட்டின் மிக அற்பமான எதிரிகளில் ஒன்று. நாலு புள்ளி உயிர்கூட இருக்காது. டக்கரின் கோபோல்டுகளோ குறுகிய வழிகளில் தீ மூட்டி, சுவர்த் துளைகள் வழியே அம்பெய்து, நேருக்கு நேர் நில்லாமல் பின்வாங்கி, மிக வலிமை வாய்ந்த வீரர்களையும் ஓட ஓட விரட்டின. ஆயினும் அவற்றின் இருப்பிடம் ஆட்டக்காரர்களுக்குத் தெரியும். அவற்றின் வழக்கமும் தெரியும். இன்று ஒன்று நாளை ஒன்று என்று மாறவில்லை. அந்த வழியாகப் போவதா என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். சில நடுவர்கள் அந்தத் தீயை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு, தெரிந்து முடிவெடுக்கும் வாய்ப்பைத் தங்கள் ஆட்டக்காரர்களுக்குத் தராமல் விடுகிறார்கள்.

தாளில் எழுதியபடியே நடத்தினால் துயரமே வராது என்று சொல்ல மாட்டேன். இரண்டு குளிர்காலங்களாக ஒரு சிறுவன் ஆடி வந்த வில்லாளன், மலைக் கணவாய் ஒன்றில் மாண்டான். பாறை இடுக்கில் புதிய சாணமும், பாதையோரம் அடுக்கி வைத்த கற்களும் சொல்லப்பட்டிருந்தன, யாரும் பொருட்படுத்தவில்லை. மடித்து வைத்திருந்த தாளை அவனிடம் கொடுத்தேன். இருமுறை படித்தான். "கற்கள்…" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனான். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரம் புதிய பாத்திரத்தோடு வந்தான். அன்று முதல் குழுவில் முதலில் கேள்வி கேட்பவன் அவன்தான்.

இப்போது அவர்களே பதுங்கக் கற்றுவிட்டார்கள். சென்ற மாதம் ஓர் ஓடைப் பாலத்தின் கீழ் ஒளிந்து, சுங்கம் வசூலிக்கும் ஓகர் என்னும் பெரும்பூதத்துக்குக் காத்திருந்தனர். எனக்கு இருந்த அதே கடமைகளை அவர்கள் மீதும் சுமத்தினேன்: யார் எங்கே என்று எழுதித் தர வேண்டும், எதை மறைக்க மறந்தார்களோ அது பூதத்தின் கண்ணில் படும். தாளை வாங்கிப் பார்த்தேன். குதிரைகளை எங்கே கட்டினார்கள் என்று எழுதவில்லை. "குதிரைகள் எங்கே?" என்றேன். நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓகர் ஓடைக் கரையிலேயே நின்றுவிட்டது.